டிக்கெட் கதவு எங்கே வரும்? திருமயிலை ரயில் நிலையத்துக்கு மூன்று வழிகள்

சென்னையின் பறக்கும் ரயில் நிலையங்களில் டிக்கெட் கதவு கிடையாது. கவுன்டரில் டிக்கெட் வாங்குகிறோம், படி ஏறுகிறோம், ரயிலைப் பிடிக்கிறோம். நடுவில் யாரும் தடுப்பதில்லை. பரிசோதகர் வருகிற நாளில் டிக்கெட் இல்லாதவர் மாட்டிக்கொள்வார். வராத நாளில் தப்பிவிடுவார். இதனால் ரயில்வேக்கு எவ்வளவு நட்டம் என்பது கணக்குப் பார்ப்பவர்களின் கவலை. எனக்கு இதில் வேறொன்று கண்ணில் படுகிறது. 1995 நவம்பரில் கடற்கரைக்கும் சேப்பாக்கத்துக்கும் இடையே முதல் ரயில் ஓடிய நாளிலிருந்து, இந்தக் கட்டடங்களின் தரைத்தளமும் அதற்கு மேலே உள்ள கூடமும் யாரும் நுழையக்கூடிய இடங்களாகவே இருந்து வந்திருக்கின்றன. நல்ல இடங்கள் என்று சொல்ல மாட்டேன். இருட்டு, ஈரம், பெரும்பாலும் காலி. ஆனாலும் உள்ளே போவதற்கு யாரும் காரணம் கேட்டதில்லை.

இனி அப்படி இருக்குமா என்பது சந்தேகம். இந்தப் பாதையை மெட்ரோ ரயில் நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பேச்சு பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. மெட்ரோவின் கைக்கு வந்தால் மெட்ரோவின் வழக்கங்களும் கூடவே வரும்: பைகளைச் சோதிக்கும் இயந்திரம், சீருடைக் காவலர், அட்டையைக் காட்டினால் விலகும் கதவு. அந்தக் கதவு எந்தத் தளத்தில் நிற்கும் என்று வரைபடத்தில் யாரோ ஒருவர் ஒரு கோடு போடுவார். நிலையத்தை ஊர்ப் பொதுவிடமாக்குவது பற்றிய பேச்செல்லாம் கடைகள் வேண்டுமா, பூங்கா வேண்டுமா, நூலகம் வேண்டுமா என்றே போகிறது. நானும் அந்த மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் உட்கார்ந்தேன். பார்க்கப் பார்க்க, மூன்றின் தலையெழுத்தும் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது என்று புரிந்தது.

எல்லா நிலையங்களையும் ஒரே மூச்சில் பேச முடியாது. மயிலாப்பூரில் உள்ள திருமயிலையை எடுத்துக்கொள்கிறேன்.

துறை இருந்த இடம்

லஸ் முனையிலிருந்து நாலு எட்டு நடந்தால் வந்துவிடும் இந்த நிலையம், பக்கிங்காம் கால்வாயின் மேல் எழும்பி நிற்கிறது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் இந்தத் துண்டு, ஏறக்குறைய 8 கிலோமீட்டர், தாது வருடப் பஞ்சத்தின்போது 1877-78இல் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பஞ்சம் பிழைக்க வந்தவர்கள் கூலிக்கு மண் சுமந்தார்கள். கால்வாய்க்கு அப்போதைய கவர்னரின் பெயர் கிடைத்தது. பிறகு பல காலம் இதில் படகுகள் ஓடின. சரக்கு வந்து இறங்கிய இடத்தின் நினைவு, பக்கத்திலுள்ள தண்ணீர்த்துறை மார்க்கெட்டின் பெயரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பெயரை நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. ரயில் வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே ஒரு துறை இருந்திருக்கிறது. துறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் படகேறவா வருவார்கள்? விற்க வருவார்கள், வாங்க வருவார்கள், சுமை தூக்க ஆள் தேவையா என்று பார்க்க வருவார்கள், சும்மாவும் வந்து நிற்பார்கள். பயணிக்கும் பயணம் போகாதவருக்கும் ஒரே கரைதான்.

பறக்கும் ரயில் 1997 அக்டோபரில் திருமயிலை வரை வந்தது. நிலம் கையகப்படுத்தும் தொல்லை குறையும் என்பதால் பாதை கால்வாயோடே போனது. தூண்கள் தண்ணீரில் இறங்கின. அதில் ஒரு கேடு விளைந்தது. கால்வாய் என்றைக்குமே ஊரின் கொல்லைப்புறம். வீடுகள் அதற்கு முதுகைக் காட்டி நிற்கும். அந்தப் பக்கம் போனால் குப்பையும் சுற்றுச்சுவரும்தான். நிலையங்களும் கொல்லையிலேயே பிறந்துவிட்டன. மயிலாப்பூரின் மிகப் பெரிய கட்டடங்களில் ஒன்று, மாடவீதிகளிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தும், தேர் பார்க்க வருகிற கூட்டத்தில் பாதிப் பேருக்கு அதன் வாசல் எங்கே என்று தெரியாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கால்வாயைக் கடக்கப் பாலம் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். இரண்டு பாலங்களுக்கு நடுவே குடியிருப்பவருக்கு எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியும், காலுக்கு எட்டாது. கால்வாயின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு கட்டடம், வேறு எதையும் செய்யாவிட்டாலும், இரு கரைகளுக்கும் பாலமாக இருக்கலாம். இதை யாரும் நிலையத்தின் வேலையாக நினைப்பதில்லை.

போன வடகிழக்குப் பருவமழையில் இந்தப் பாதையில் ஒரு நிலையத்தின் கீழே, எது என்பது வேண்டாம், ஒரு மணி நேரம் சிக்கிக்கொண்டேன். என்னோடு ஐம்பது அறுபது பேர் இருந்திருப்பார்கள். இரு சக்கர வண்டிக்காரர்கள், பள்ளி விட்டு வந்த பிள்ளைகள், கூடையோடு ஒரு பூக்கார அம்மாள், உணவு கொண்டுபோகும் பையன்கள் நாலைந்து பேர். ரயிலுக்கு வந்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. உட்கார இடமில்லை, கழிப்பறை பூட்டியிருந்தது, சாவி யாரிடம் என்று நான் யாரைக் கேட்டேனோ அவரே என்னைத் திருப்பிக் கேட்டார். ஆனாலும் அந்த ஒரு மணி நேரத்தில் பூக்கார அம்மாள் பாதிக் கூடையை விற்றுவிட்டார். கூரை ஒன்று இருந்தால் போதும், ஊர் தானாக வந்து சேர்ந்துவிடுகிறது. நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் இவ்வளவு பெரிய இலவசக் குடை வேறு எங்கே கிடைக்கும்?

முதல் வழி: கடைகளும் அலுவலகங்களும்

நிலையத்தின் தளங்களை வாடகைக்கு விடுவது, அல்லது மேலே கட்டி விற்பது. அதிகாரிகளுக்குப் பிடித்த வழி இதுதான், காரணமும் உண்டு. இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு விளக்குப் போடவும் பெருக்கவும் காவல் வைக்கவும் டிக்கெட் காசு போதாது.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் நவி மும்பை. மான்கூர்டிலிருந்து ரயில் பாதை 1992இல் வாஷியை எட்டியது. அந்தப் பாதைக்கான செலவில் மூன்றில் இரண்டு பங்கை மகாராஷ்டிர அரசின் நகர வளர்ச்சிக் கழகமான சிட்கோ கொடுத்தது, மீதியை ரயில்வே. நம் பறக்கும் ரயிலின் இரண்டாம் கட்டத்திலும் மாநில அரசு ஏறக்குறைய இதே விகிதத்தில்தான் பணம் போட்டது. காசு ஒன்று, விளைவு வேறு. சிட்கோ தான் போட்ட பணத்துக்கு ஈடாக டிக்கெட்டில் கூடுதல் கட்டணம் வாங்கியது. நிலையங்களைச் சுற்றியுள்ள இடத்தைக் கட்டி விற்கும் உரிமையும் அதன் கையில் இருந்தது. நிலத்துக்கும் ஊருக்கும் நிலையத்துக்கும் ஒரே எசமான். வாஷி நிலையத்தோடு சேர்ந்தே அலுவலக வளாகம் எழுந்தது.

திருமயிலைக்கு இது பொருந்துமா? எனக்கு நம்பிக்கை குறைவு. வாஷியில் வெற்று நிலத்தில் நகரமும் நிலையமும் ஒன்றாகப் பிறந்தன. நிலையம்தான் ஊரின் வாசல். இங்கே கடைத்தெரு நூறு ஆண்டுகளாக வேறு இடத்தில் இருக்கிறது. புடவை வாங்க ஒருவர் வடக்கு மாடவீதிக்குப் போவாரா, கால்வாய்க் கரையில் முதல் மாடிக்கு ஏறுவாரா? குளிரூட்டிய பெரிய கடைகள் வேண்டும் என்பவருக்கு ராயப்பேட்டையில் 2010 முதல் பெரிய வணிக வளாகம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இந்த நிலையத்துக்கு எஞ்சுவது எது? ரயிலுக்கு ஓடுகிறவர் இரண்டு நிமிடத்தில் வாங்கிக்கொண்டு போகும் பொருள்: காபி, பூ, மாவு, மருந்து, ஜெராக்ஸ், கைபேசி உறை. இவற்றுக்கு எட்டடிக்குப் பத்தடி அறை போதும். பெரிய ஒப்பந்ததாரருக்கு மொத்தத் தளத்தையும் கொடுத்தால் அவர் இந்தச் சிறு கடைகளைத்தான் முதலில் வெளியேற்றுவார், ஏனென்றால் சதுர அடிக்கு இவ்வளவு என்று அவர் ஏலத்தில் எழுதிக் கொடுத்திருப்பார்.

வணிக வளாகம் பொதுவிடமாகத் தோன்றும், ஆனால் இரவு பத்து மணிக்குக் கதவடைக்கும். காவலாளி ஆளைப் பார்த்து உள்ளே விடுவார். மழைக்கு ஒதுங்கிய பூக்கார அம்மாளை அங்கே யாரும் துரத்த மாட்டார்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

இரண்டாம் வழி: கீழே எல்லாவற்றையும் திறந்துவிடுவது

மெல்பர்னின் தென்கிழக்கில், காஃபீல்டிலிருந்து டாண்டினாங் போகும் புறநகர்ப் பாதையில் ஒன்பது ரயில்வே கேட்டுகள் இருந்தன. கேட் மூடினால் சாலை நிற்கும். கேட்டுகளை ஒழிப்பதற்காக விக்டோரியா மாநில அரசு பாதையின் நீண்ட பகுதிகளைத் தூக்கிக் கட்டியது; கார்னகி, மரம்பீனா, ஹியூஸ்டேல், கிளேட்டன், நோபிள் பார்க் என்று ஐந்து நிலையங்கள் புதிதாக எழுந்து 2018இல் திறக்கப்பட்டன. 'வான் ரயில்' வேண்டாம் என்று குடியிருப்பவர்கள் பெரிய எதிர்ப்புக் காட்டினார்கள். ரயிலில் போகிறவர் எங்கள் வீட்டுக் கொல்லையைப் பார்ப்பார், சத்தம் தாங்காது, பாலத்துக்கு அடியில் இருட்டும் கிறுக்கலும்தான் மிஞ்சும் என்பது அவர்கள் வாதம். நம்முடைய நிலையங்களைப் பார்த்திருந்தால் கடைசி வாதத்துக்குப் புகைப்படச் சான்றே கிடைத்திருக்கும்.

அங்கே நடந்தது வேறு. பாதை மேலே போனதால் தரையில் விடுபட்ட இடம் 22.5 ஹெக்டேர். அதில் நடைபாதை, சைக்கிள் தடம், கூடைப்பந்துத் தளம், பிள்ளைகள் விளையாடும் இடம், மரங்கள். நிலையம் என்பது மேலே ஒரு நடைமேடை, கீழே இறங்க லிஃப்டும் படியும், தரையில் சிறிய நுழைவாயில், அவ்வளவுதான், மற்றதெல்லாம் திறந்தவெளி. பொறியாளர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு தண்டவாளங்களையும் ஒரே அகலப் பாலத்தில் வைக்காமல் இரண்டு மெல்லிய பாலங்களாகப் பிரித்து நடுவில் இடைவெளி விட்டார்கள். அந்த இடைவெளி வழியே வெளிச்சமும் மழையும் தரைக்கு வந்தன. அதனால் அடியில் செடி வளர்ந்தது.

அழகான திட்டம்தான், ஆனால் அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. அங்கே பாலத்துக்கு அடியில் ரயில்வேயின் பழைய நிலம் இருந்தது. இங்கே இருப்பது தண்ணீர், அதுவும் சாக்கடை கலந்த தண்ணீர். பூங்கா போட்டுப் பெஞ்சு வைத்தால் மாலையில் கொசு வந்து உட்காரும், மனிதர் உட்கார மாட்டார். கால்வாயைச் சுத்தப்படுத்துவது ஒரு நிலையத்தின் கையில் இல்லை. மெல்பர்ன்காரர் வெயிலைத் தேடி வெளியே வருகிறார், நாம் நிழலைத் தேடி உள்ளே போகிறோம் என்ற வித்தியாசமும் உண்டு. அவர்கள் பாலத்தைப் பிளந்து வெளிச்சம் வாங்கியதுபோல நாம் கூரையைப் பிளக்க வேண்டியதில்லை. பக்கச் சுவர்களை இடித்தால் காற்றும் வெளிச்சமும் வந்துவிடும், நிழல் அப்படியே இருக்கும்.

எடுத்துக்கொள்ள வேண்டியது திறந்த தரை என்ற எண்ணத்தை மட்டும். தரைத்தளத்தில் நிரந்தரமாக எதையும் அடைக்காமல் விட வேண்டும் என்பதற்கு எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டாம். கால்வாய்க் கரையில் தரைத்தளம் என்றால், ஐப்பசி கார்த்திகைத் தண்ணீரைக் கேட்டுக்கொண்டுதான் அதில் எதையும் வைக்க வேண்டும். சிமென்ட் மேடை நனையலாம், கல் பெஞ்சு நனையலாம், இரவில் மடித்து எடுத்துப்போகும் கடை நனையாது. புத்தக அலமாரியும் கணினியும் மருந்து வைக்கும் குளிர்பெட்டியும் கீழே வரவே கூடாது.

மூன்றாம் வழி: ஊருக்கு ஒரு கூடம்

டோக்கியோவின் மேற்கில் குனிதாச்சி என்று ஒரு சிறு நகரம். சூவோ பாதையில் மிதாகாவுக்கும் தாச்சிகாவாவுக்கும் இடையே 13.1 கிலோமீட்டரைத் தூக்கிக் கட்டி 18 கேட்டுகளை ஒழித்த பெரிய வேலை 2010இல் முடிந்தது. அந்த வேலைக்காக, குனிதாச்சியில் 1926 முதல் நின்ற சிவப்பு முக்கோணக் கூரை நிலையத்தை அகற்ற வேண்டி வந்தது. ஊருக்கு அந்தக் கூரைமேல் பாசம். 2006இல் கட்டடத்தைப் பிரித்து மரச் சட்டங்களைப் பத்திரமாக எடுத்து வைத்தார்கள். பல ஆண்டுகள் கழித்து, நகராட்சி நிலையத்துக்கு முன்னால் நிலம் வாங்கி அதைத் திரும்பக் கட்டி 2020இல் திறந்தது. ரயில் ஏறுவதற்கு இப்போது அந்தக் கட்டடம் தேவையில்லை. நிலையம் பின்னால் மேலே இருக்கிறது. பழைய நிலையம் இன்று ஊரின் முன்னறை. உட்காரலாம், ஒருவருக்காகக் காத்திருக்கலாம், கண்காட்சி பார்க்கலாம். பாதைக்கு அடியிலேயே, பக்கத்து நகரமான கொகுபுஞ்சியோடு சேர்ந்து ஒரு குடிமக்கள் மையமும் நடத்துகிறார்கள். அரசுக் காரியம் முடிக்க வேண்டியவர் வீட்டுக்குப் போகிற வழியில் முடித்துக்கொண்டு போகிறார்.

டோக்கியோவில் இன்னொரு உதாரணமும் உண்டு; திருமயிலைக்கு நேரடியாகப் பயன்படாது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அகிஹபாராவுக்கும் ஒகாச்சிமாச்சிக்கும் நடுவே பாலத்துக்கு அடியில் தோல், குடை, நகை என்று கைவினைஞர்கள் பட்டறை வைத்துச் செய்து விற்கிறார்கள். இடத்தின் பெயர் 2கே540. டோக்கியோ நிலையத்திலிருந்து 2 கிலோமீட்டர் 540 மீட்டர் என்ற தண்டவாளக் கணக்கையே பெயராக்கிவிட்டார்கள். நவராத்திரி நேரத்தில் மாடவீதியில் வெயிலிலும் தூறலிலும் கொலு பொம்மை விற்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த இடம் நினைவுக்கு வரும்.

திருமயிலையின் கூடத்தில் என்ன வைக்கலாம் என்று யோசித்தால் ஊரே பட்டியல் கொடுக்கும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மேசையும் விளக்கும் வேண்டும். இதற்குக் கொளத்தூரில் 2024இல் திறந்த முதல்வர் படைப்பகம் உள்ளூர் முன்மாதிரி, வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதே இல்லை. இ-சேவை மையம் வேண்டும். வேலைக்குப் போகும் தாய்மார்களுக்குக் குழந்தைகள் காப்பகம் வேண்டும். மார்கழியில் ஒரு கச்சேரி வைக்கலாமே என்று மயிலாப்பூர்க்காரர் ஒருவராவது கேட்பார். தலைக்கு மேலே ரயில் போகும்போது ஆலாபனை செய்கிறவரின் முகத்தை நினைத்துப் பார்க்கச் சொல்லி அவரை அனுப்பிவிடலாம். படிக்கும் அறைக்கும் அதே சத்தம் உண்டு என்றாலும், கண்ணாடித் தடுப்பும் தாழ்ந்த கூரையும் போட்டால் சமாளிக்கலாம்.

இந்த வழியின் பலவீனம் பணம். படிப்பறை வாடகை தராது. திறப்பு விழாவில் புத்தகமும் நாற்காலியும் புதிதாக இருக்கும். மூன்றாவது ஆண்டில் பல்பு போனால் மாற்றுவது மாநகராட்சியா, மெட்ரோவா, ரயில்வேயா என்று கடிதம் ஓடும். குனிதாச்சியில் நகராட்சியே நிலத்தை வாங்கிக்கொண்டதால் யாருடைய பல்பு என்ற கேள்வி எழவில்லை. இங்கே கால்வாய் ஒருவருடையது, கட்டடம் இன்னொருவருடையது, வாசலில் உள்ள சாலை மூன்றாமவருடையது.

நாலாவதாகவும் ஒரு வழி உண்டு. யாரும் அதை முன்மொழிவதில்லை, தானாகவே நடந்துவிடும்: தரைத்தளம் முழுவதும் வண்டி நிறுத்துமிடமாவது. சைக்கிளுக்கும் கொஞ்சம் இரு சக்கர வண்டிகளுக்கும் ஒரு மூலை கொடுத்துவிட்டு இதை மறந்துவிட வேண்டும்.

கோடு

இப்போது கதவுக்கு வருகிறேன். மெல்பர்னில் நுழைவாயில் சிறியது; அதைச் சுற்றியுள்ள திறந்தவெளி முழுதும் கதவுக்கு வெளியே. குனிதாச்சியின் சிவப்புக் கூரை முழுக்கவே கதவுக்கு வெளியே. இரண்டு ஊரிலும் பொதுவிடம் வாழ்வது பயணம் போகாதவரால். வாங்கிய டிக்கெட்டோடு உள்ளே இருப்பவர் ரயில் வந்ததும் போய்விடுவார்; கதவுக்கு உள்ளே நூலகம் வைத்தால் அது காத்திருப்பு அறையில் ஒரு புத்தக அலமாரி மட்டுமே.

திருமயிலையில் கதவு தரைத்தளத்தில் வந்தால் கட்டடம் முழுவதும் பயணிகளுடையது. கடைக்கு வாடிக்கையாளர் குறைவார், கூடத்துக்கு ஆள் வர மாட்டார், கரையைக் கடக்கும் வழியும் போய்விடும். கதவை மேலே ஏற்றி நடைமேடைக்குப் போகும் படிகளின் அடியில் வைத்தால் கீழேயுள்ள இரண்டு தளங்களும் தெருவாகவே மிஞ்சும். மெட்ரோவுக்கு இது அறியாத வித்தையும் இல்லை. சென்ட்ரல் மெட்ரோ நிலையத்தின் சுரங்க நடைபாதையில் பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடக்கிறவர்களைப் பாருங்கள்; அரசுப் பொது மருத்துவமனைக்குச் சாப்பாட்டுக் கூடையோடு போகிறவர்களில் எத்தனை பேர் மெட்ரோவில் வந்தவர்கள்? மாம்பலம் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023இல் திறந்த 570 மீட்டர் ஆகாய நடைபாதையிலும் நடந்துபோக யாரும் டிக்கெட் கேட்பதில்லை.

எதிர்வாதம் வலுவானது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மூன்றாம், நான்காம் வழித்தடங்கள் திருமயிலையில் தரைக்கு அடியில் சந்திக்கின்றன. ஆழத்திலிருந்து வருகிறவர் மேலே உள்ள ரயிலுக்கு மாற வேண்டும். அவர் கதவை விட்டு வெளியே வராமல் நேரே ஏறிப்போகும்படி கட்டுவதுதான் பயணிக்கு வசதி. கையில் குழந்தையும் பெட்டியுமாக இரண்டு முறை கதவைத் தாண்டச் சொல்வது நியாயமில்லை. பொறியாளர் இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் கீழிருந்து மேல்வரை மொத்தத்தையும் கதவுக்குள் அடைப்பார். சொல்வதில் தவறும் இல்லை.

ஆனால் இதற்கு இரண்டு விடைகள் இருக்கின்றன. ஒன்று, மாறிச் செல்கிறவருக்கு மட்டும் கட்டடத்தின் ஒரு ஓரத்தில் அடைத்த தனி வழி. மற்ற இடமெல்லாம் வெளியே. இன்னொன்று, லண்டனில் சில நிலையங்களில் உள்ள ஏற்பாடு: ஒரு கதவில் வெளியேறிக் குறித்த நேரத்துக்குள் அடுத்த கதவில் நுழைந்தால் இரண்டும் ஒரே பயணமாகக் கணக்காகும். பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே கைபேசிச் செயலியில் டிக்கெட் எடுக்கும் காலத்துக்குச் சென்னை வந்துவிட்டது. ஒரே பயணமாகக் கணக்குப் பார்ப்பது அதற்குப் பெரிய வேலையாக இராது. முதலாவதற்குச் செலவு அதிகம், பயணிக்கு வசதி அதிகம். கையில் அதிகாரம் இருந்தால் நான் முதலாவதையே எடுப்பேன்; கட்டி முடித்த பிறகு தனி வழியைச் செருக முடியாது, கணக்கை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

பாதுகாப்பு என்ற பேச்சும் வரும். இரவு ஒன்பது மணிக்கு ஆளில்லாத கூடத்தில் ஒரு பெண் தனியாக நடப்பதைவிடக் கதவு போட்டுப் பூட்டுவது மேல் அல்லவா? இந்த நிலையங்களைப் பற்றிப் பெண்களுக்கு இருக்கும் பயம் கற்பனை இல்லை. அகலமான கூடம், திரும்பித் திரும்பி ஏறும் படி, வளைவில் யார் நிற்கிறார் என்று தெரியாத சுவர். ஆனால் அந்தப் பயத்துக்குக் காரணம் ஆள் வந்துவிடுவார் என்பதைவிட ஆளே இல்லை என்பதுதான். பத்து மணிவரை ஒரு காபிக் கடையும் படிப்பறையும் திறந்திருந்தால் அந்தப் படியில் எப்போதும் யாராவது ஏறி இறங்குவார்கள். கண்காணிப்புக் கேமரா அதற்குத் துணைக்கு வரலாம். கேமரா கூப்பிட்டால் ஓடிவராது.

நான் எடுப்பது

மூன்றில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் மூன்றாவது. ஆனால் அப்படி ஒன்றை மட்டும் எடுக்கும் கட்டாயம் இல்லை. கட்டடத்துக்குத் தளங்கள் இருக்கின்றன. தரைத்தளம் நடப்பதற்கும் சிறு வியாபாரத்துக்கும்: பக்கச் சுவர் இல்லாமல், இரு கரைக்கும் திறந்த அகலமான பாதை, ஓரத்தில் முழங்கால் உயரச் சிமென்ட் மேடைகள். யாருக்கு எந்த மேடை என்பதைத் தெரு வியாபாரிகளுக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் நகர விற்பனைக் குழு முடிவு செய்யட்டும், ஏலம் வேண்டாம். மகளிர் கட்டணமில்லாப் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் இன்று வெயிலில்தான் நிற்கிறார்கள். நிறுத்தத்தை நிலையத்தின் கூரைக்குள் இழுத்துவிட வேண்டும். முதல் தளத்தின் கூடத்தில் ஒரு பாதி படிப்பறைக்கும் சேவை மையத்துக்கும், மறுபாதி வாடகை தரும் கடைகளுக்கும். அந்த வாடகை விளக்குக்கும் கழிப்பறைக்கும் காவலுக்கும் மட்டும் போக வேண்டும், பொதுக் கணக்கில் கரையக் கூடாது. வாஷியிடம் நான் கற்றுக்கொண்டது இந்த ஒரு பாடம்தான்: இடத்திலிருந்து வரும் பணம் இடத்தை நடத்துகிறவரின் கைக்கே வர வேண்டும்.

எல்லாம் ஒன்றாக வராது. ஆகவே வரிசை முக்கியம். முதலில் இரு கரைக்கும் வழி, விளக்கு, பூட்டாத கழிப்பறை. இவை வந்தால் ஆறே மாதத்தில் யார் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று தெரிந்துவிடும். மேடைகளை அதைப் பார்த்துப் போடலாம். படிப்பறை அதற்கும் பிறகு. தலைகீழாகச் செய்தால், அதாவது முதலில் படிப்பறை கட்டி நாடா வெட்டினால், அங்கே ஏறிவர வழியே இருக்காது.

லிஃப்டைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். என் அம்மாவுக்கு முழங்கால் வலி. பறக்கும் ரயில் அவருக்கு வெறுமனே பார்க்கும் ரயில். லிஃப்ட் ஒன்றுதான் வைக்க முடியும் என்றால் அதைக் கதவுக்கு உள்ளே, நடைமேடைக்குப் போவதற்காக மட்டும் வைப்பார்கள். அப்போது முதல் தளத்துக் கூடம் படியேற முடிந்தவர்களின் கூடமாகிவிடும். தரையிலிருந்து கூடத்துக்கு ஒன்று, கூடத்திலிருந்து நடைமேடைக்கு ஒன்று என்று இரண்டு தனித்தனி லிஃப்டுகள் வேண்டும். முதலாவது கதவுக்கு வெளியே, மாடவீதிப் பக்கத்து வாசலில், தெருவிலிருந்து பார்த்தால் தெரியும்படி.